ஏட்டுத் தமிழும் வீட்டுத் தமிழும்

தாய்நிலத்தை விட்டு வந்து பிற மாநிலங்களில் வேரூன்றிய நம் குடும்பங்களில், தமிழ் என்பது பெரும்பாலும் செவிவழிச் செல்வம். பிள்ளை பள்ளியில் இந்தியோ ஆங்கிலமோ கற்கிறது. கடைத்தெருவில் அவ்வூர் மொழியைப் பேசுகிறது. தமிழை அடுக்களையிலும் தொலைபேசியிலும் மட்டுமே கேட்கிறது. அந்தப் பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை தோறும் அமர்த்தி, எழுத்தறிவிக்கும் பணியில் நாமும் சில ஆண்டுகள் ஈடுபட்டதுண்டு.

ஒருநாள் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் தானாகவே ஐந்து வரிகள் எழுதி வந்தான். அவற்றில் ‘எலை’, ‘எடம்’, ‘ஒடம்பு’ என மூன்று சொற்கள் இருந்தன. மூன்றையும் சிவப்பு மையால் சுழித்தோம். “எங்க அம்மா அப்படித்தானே சொல்றாங்க?” என்று அவன் கேட்டான். “அது தப்புத் தமிழ்” என்று விடை கூறினோம். அடுத்த வாரம் முதல் அவன் வகுப்பில் இந்தியிலேயே பதில் சொல்லத் தொடங்கினான். சிவப்பு மை நம் கையில்தான் இருந்தது. பிழையும் நம்முடையதே என்பதை உணரப் பல நூல்களைப் புரட்ட வேண்டியதாயிற்று. அவ்வாறு புரட்டிய நூல்களைப் பற்றியதே இக்கட்டுரை. வீட்டுத் தமிழை அவை எங்ஙனம் நடத்துகின்றன என்பதே நாம் அவற்றின்முன் வைக்கும் ஒரே வினா.

இலக்கணம் கண்ட வழக்கு

பேச்சு வழக்கை இலக்கணம் இகழ்ந்தது என்பது நம்மிடையே வேரூன்றிவிட்ட எண்ணம். அது முழு உண்மையன்று. தொல்காப்பியம் வழக்கையும் செய்யுளையும் ஒருங்கே ஆராய்ந்து எழுந்தது என்று அதன் பாயிரமே பறைசாற்றுகிறது. பவணந்தியாரின் நன்னூல், மரூஉச் சொற்களை இயல்பு வழக்கின் மூன்று வகைகளுள் ஒன்றாக வைத்து எண்ணுகிறது. தஞ்சாவூர் தஞ்சையானதை அவர் வழுவென்று ஒதுக்கவில்லை; வழக்கென்று வரவேற்றார். ஆகவே, ‘தப்புத் தமிழ்’ என்று நாம் அச்சிறுவனிடம் கூறியது நன்னூலார் கூறாத ஒன்று.

பேரகராதியின் பெருமையும் எல்லையும்

அடுத்து, அகராதிகளிடம் செல்வோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. 1939இல் பின்னிணைப்பும் வந்தது. இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களை அது தாங்கி நிற்கிறது. சாண்ட்லர் தொடங்கிய பணியை, 1926இல் பொறுப்பேற்ற ச. வையாபுரிப் பிள்ளை நிறைவு செய்தார். சங்கப் பாடல் முதல் கல்வெட்டு வரை சான்று காட்டிப் பொருள் கூறும் அதன் உழைப்பைக் காணுந்தோறும் நம் தலை தாழ்கிறது. பேச்சு வழக்குச் சொற்களையும் வட்டார வழக்குகளையும் அது தள்ளிவிடவில்லை. தனிக் குறியிட்டுச் சேர்த்துக்கொண்டது.

எனினும், அக்குறியீடு ஒரு சொல் பேச்சில் மட்டும் வழங்குவது என்று காட்டுமேயன்றி, ஏட்டில் உள்ள ஒரு சொல் பேச்சில் எவ்வாறு ஒலிக்கும் என்று காட்டாது. பேரகராதியின் வாயில் எழுத்து வடிவம் ஒன்றே. அவ்வடிவத்தை முன்னரே அறிந்தவர்க்கு அது திறக்கும். செவிவழி மட்டுமே அறிந்த நம் பிள்ளைக்கு அது மூடிய கதவு.

1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வேறொரு பாதையை வகுத்தது. பழைய அகராதிகளைப் பார்த்துச் சொல் திரட்டாமல், நம் காலத்து எழுத்துகளிலிருந்து சான்றுகளைத் திரட்டி, கணிப்பொறியின் துணைகொண்டு அது உருவாயிற்று. பதிப்பாளர் ச. இராமகிருஷ்ணன் 2020 நவம்பரில் மறைந்தார். அதே மாதத்தில்தான் அகராதியின் மூன்றாம் பதிப்பு வெளியாயிற்று. ஒரு மனிதர் தம் வாழ்நாளையே ஓர் அகராதிக்கு ஈந்தார் என்று சொன்னால் அது மிகையன்று. ஒவ்வொரு பொருளுக்கும் வாழும் மொழியிலிருந்து எடுத்துக்காட்டுத் தொடர் தருவதும், பேச்சு வழக்கையும் இலங்கைத் தமிழையும் குறித்துக் காட்டுவதும் இதன் தனிச்சிறப்புகள். ஆயினும், இதுவும் இக்கால எழுத்துத் தமிழின் அகராதியே. ‘கொட’ என்று மட்டும் அறிந்த பிள்ளை ‘குடை’யைத் தேடிக் கண்டடைய இதிலும் வழியில்லை.

‘எலை’ பிழையா?

அச்சிறுவனின் மூன்று சொற்களுக்கு மீள்வோம். இலை எலையாகிறது, இடம் எடமாகிறது, உடம்பு ஒடம்பாகிறது. விலை, விதை, நிலம், குடை, புகை, உலகம் யாவும் தமிழ்நாட்டின் பெரும்பாலான வட்டாரங்களில் இவ்வாறே திரிகின்றன. ஆனால், இல்லை என்பது எல்லையாவதில்லை, குட்டை கொட்டையாவதில்லை. இனி, குடி, விதி என்பனவும் மாறுவதில்லை. ஏன்? சொல்லின் முதலசையில் இகரமோ உகரமோ நின்று, அதையடுத்து ஒற்றை மெய் வந்து, அதன்மேல் அகரமோ ஐகாரமோ ஏறினால் மட்டுமே இத்திரிபு நிகழ்கிறது. மெய் இரட்டித்தால் நிகழாது. பின்வரும் உயிர் இகரமானாலும் நிகழாது. சிவம் போன்ற சில சொற்கள் விலகி நிற்பினும், விதி விதியே. எழுத்தறியாப் பாட்டியும் இதை வழுவாமல் கடைப்பிடிக்கிறார். இதற்குப் பெயர் சிதைவா, இலக்கணமா?

இத்திரிபின் பழமையும் வியப்புக்குரியது. பேராசிரியர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1958இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, தென் திராவிட மொழிகளில் இகர எகர மாற்றமும் உகர ஒகர மாற்றமும் நெடிய வரலாறு உடையவை என்று நிறுவியது. கன்னடத்தில் இலைக்கு ‘எலெ’ என்றே பெயர். பெங்களூரில் வாழும் தமிழ்ப் பிள்ளைக்குத் தன் வீட்டுச் சொல்லும் தெருச் சொல்லும் ஒன்றாக ஒலிப்பதைக் கண்டு மகிழ உரிமையுண்டு. நாமோ அதையே குற்றமாக்கினோம்.

எழுத்து மொழியும் பேச்சு மொழியும் தனித்தனிப் பணிகளை ஏற்று ஒரே சமூகத்தில் வாழும் இந்நிலையை 1959இல் சார்லஸ் பெர்குசன் இரட்டை வழக்கு என்று விளக்கினார். அவர் விரித்துரைத்தவை அரபு, கிரேக்கம் முதலிய நான்கு மொழிச் சூழல்கள். எனினும், தமிழையும் சுட்டத் தவறவில்லை. பேச்சுத் தமிழுக்கு முறையான இலக்கணத்தை ஹெரால்டு ஷிப்மன் 1999இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் வழி வெளியிட்டார். மேற்கண்ட விதியும், சொல்லின் ஈற்று மெய்கள் மூக்கொலியாகவோ மறைந்தோ போகும் விதிகளும் அதில் தெளிவாக வகுக்கப்பட்டுள்ளன. அவரும் வாசு அரங்கநாதனும் உருவாக்கி 2009இல் வெளிவந்த தமிழ் வினை அகராதி, பேச்சு வடிவையும் ஒலிப்பதிவாகவே தருகிறது.

இவை போற்றத்தக்க பணிகள். ஆனால், இவற்றின் வாசகர் யார்? ஆங்கிலம் வழியே தமிழ் கற்கும் வேற்று நாட்டு மாணவர். நம் பேச்சின் இலக்கணத்தை அயலார்க்கு அயல்மொழியில் கற்பிக்க நூல் உண்டு. நம் பிள்ளைக்கு நம் மொழியில் அதைச் சொல்வதற்கு மட்டும் நமக்குத் தயக்கம். ஆய்வின் குறை என்று இதைக் கூறுவதைக் காட்டிலும், ஆய்வுக்கும் வகுப்பறைக்கும் இடையில் நாம் கட்டத் தவறிய பாலம் என்று கூறுவதே பொருந்தும்.

கணிப்பொறியின் தமிழ்

கணிப்பொறி இப்பாலத்தைக் கட்டித் தருமா? பல அன்பர்கள் அவ்வாறு நம்புகின்றனர். அதன் போக்கையும் சற்று ஆராய்வோம். 1991இல் வெளிவந்த யூனிக்கோடு, இந்திய எழுத்துகளுக்கென முன்பே வகுக்கப்பட்டிருந்த குறியீட்டு முறையைத் தழுவித் தமிழுக்கும் இடம் அளித்தது. ‘தமிழ்’ என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. அதற்கோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு. தனிமெய்யை அடிப்படையாகக் கொள்வது தமிழ் இலக்கணம். அகரமேறிய உயிர்மெய்யை அடிப்படையாகக் கொண்டு, மெய் வேண்டுமாயின் புள்ளியைத் தனியே சேர்ப்பது இம்முறை. அறிஞர் பலர் இதைக் குறையென்று எடுத்துரைத்தனர். தமிழக அரசு 2010இல் யூனிக்கோடைத் தரமாக ஏற்றபோது, அனைத்தெழுத்துக் குறியீட்டையும் மாற்றாக அறிவித்தது.

வாதம் நியாயமானதே. ஆயினும், வாதங்கள் யாவும் எழுத்தைப் பற்றியவை என்பதை நோக்குக. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழம்பெரும் இலக்கியங்களை மின்னேடுகளாக்கி, கடல் கடந்த தமிழர்க்கும் கைக்கெட்டச் செய்தது. அதுவும் ஏட்டுத் தமிழே. பேச்சைக் கேட்டு எழுதும் பொறிகள் வந்தபோதுதான் ஆய்வாளர்க்கு வீட்டுத் தமிழ் கட்டாயத் தேவையாயிற்று. ‘கொட எங்க’ என்ற ஒலியைக் கேட்டு, ‘குடை எங்கே’ என எழுத வேண்டுமாயின், சிவப்பு மையால் பயனில்லை. இரண்டு வடிவுக்கும் உள்ள உறவு தெரிந்தாக வேண்டும். பொறிக்குக் கற்பிக்க நாம் மேற்கொள்ளும் பொறுமையைப் பிள்ளைக்குக் கற்பிப்பதில் ஏன் மேற்கொள்ளலாகாது?

ஓர் ஐயம் எழலாம். பேச்சு வடிவை ஏற்றுக்கொண்டால் எழுத்துத் தமிழ் கெடாதா? கெடாது என்பதே நம் துணிபு. எழுத்துத் தமிழ்தான் கோவைக்காரரையும் நெல்லைக்காரரையும், இரண்டாயிரம் ஆண்டுப் புலவரையும் இன்றைய வாசகரையும் இணைப்பது. அதைக் கைவிடச் சொல்வார் நம் நண்பரல்லர். மேலும், ஏட்டிலிருந்து வீட்டுக்குச் செல்லும் விதி எளிது. வீட்டிலிருந்து ஏட்டுக்குத் திரும்புவதே கடினம். குடையும் ‘கொட’தான், கொடையும் ‘கொட’தான். குலையும் கொலையும் செவிக்கு ஒன்றே. எது எது என்பதை எழுத்துப் பயிற்சியும் நினைவுமே தரவேண்டும். ஆகவே, ஆசிரியரின் பணி குறைவதில்லை, கூடுகிறது. பிழையென்று சுழிப்பது எளிது. “நீ சொல்வது வீட்டு வடிவம், இதன் ஏட்டு வடிவம் இது, இரண்டுக்கும் இடையே விதி இது” என்று காட்டுவது அரிது.

இனிச் செய்ய வேண்டுவது யாது? நம் சங்கங்கள் ஒவ்வொன்றும் தம் வகுப்புக்கென ஒரு சிறு சொற்பட்டியலைத் தொகுக்கலாம். ஒருபுறம் பிள்ளைகள் வீட்டில் சொல்லும் வடிவம். மறுபுறம் ஏட்டு வடிவம். பிள்ளைகளே தாத்தா பாட்டியிடம் கேட்டுத் தொகுக்கட்டும். ஐந்நூறு சொற்கள் சேர்ந்தால், அது பேரகராதி செய்யாத பணியைச் செய்யும்.

அச்சிறுவன் இன்று வளர்ந்து இளைஞனாகிவிட்டான். தமிழைக் கேட்டால் புரிந்துகொள்கிறான்; பேசக் கூசுகிறான். அவன் எழுதிய ‘எலை’ என்ற சொல்லில் பழந்தமிழின் தடமும், கன்னடத்தின் உறவும், அவன் தாயின் குரலும் ஒருங்கே இருந்தன. நாம் கண்டது பிழை ஒன்றை மட்டுமே. இனி நம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடமேனும், திருத்துவதற்கு முன் அவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்போமாக.