பின்னட்டையில் யாருடைய பயம்

ஒரு மர்ம நாவலின் முதல் வாக்கியம் அதன் அட்டையில் இருக்கிறது. பெரும்பாலும் அதை எழுத்தாளர் எழுதுவதில்லை. பதிப்பாளரோ, ஓவியரோ, விளம்பர வாசகம் எழுதுபவரோ எழுதுகிறார்கள். எதைக் கண்டு பயப்பட வேண்டும், யாருக்காகப் பதற வேண்டும் என்று கதை தொடங்குவதற்கு முன்பே அவர்கள் நமக்குச் சொல்லிவிடுகிறார்கள். அந்த வகையில் விளம்பரமும் ஒரு விமர்சனம்தான். ஒரு நூலைப் பற்றி வெளிவரும் முதல் விமர்சனம். பெண்களை இழிவுசெய்யும் கதையைக் கேள்வி கேட்கப் பழகிவிட்ட நாம், அந்தக் கதையை விற்கும் நான்கு வரிகளை அப்படியே விட்டுவிடுகிறோம்.

அஸ்தம்பட்டியில் வளர்ந்தவள் என்பதால் அந்த அட்டைகள் எனக்கு நெருக்கமானவை. ரவுண்டானாவைச் சுற்றியிருந்த பெட்டிக்கடைகளில் வாழைத்தாருக்கும் வாரப் பத்திரிகைகளுக்கும் நடுவே மாத நாவல்கள் கிளிப்பில் தொங்கும். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று பெயர்கள் பெரிய எழுத்தில் இருக்கும். அட்டையில் அநேகமாக ஒரு பெண் இருப்பாள். அவள் கண்கள் பயத்தில் விரிந்திருக்கும், அல்லது மூடியிருக்கும். எங்கள் தெருவில் அவற்றை வாங்கியவர்கள் ஆண்கள். கைமாற்றிப் படித்தவர்கள் பெண்கள். ஒரு புத்தகம் ஏழெட்டு வீடு சுற்றி, அட்டை கிழிந்து திரும்பி வரும்.

அந்த நாவல்கள் எங்களுக்கு வாசிப்பின் வேகத்தைக் கற்றுத்தந்தன. அந்தக் கடனை மறுக்க மாட்டேன். அவற்றின் துப்பறியும் ஜோடிகளைப் பாருங்கள்: பரத்–சுசீலா, நரேன்–வைஜயந்தி, விவேக்–ரூபலா. பெண் இருக்கிறாள், புத்திசாலியாகவும் இருக்கிறாள். ஆனால் அவள் பெயர் இரண்டாவதாகவே வரும். சுசீலா என்றதும் வாசகர்களுக்கு அவள் கண்டுபிடித்த துப்பு நினைவுக்கு வருவதில்லை. அவள் பனியனில் எழுதியிருந்த வாசகம்தான் நினைவுக்கு வருகிறது. விளம்பரம் எதை முன்னே வைத்ததோ அதுவே மனதில் தங்கியிருக்கிறது.

தமிழில் மர்மக் கதை ஆண்களின் கையில் மட்டும் தொடங்கியதும் இல்லை. 1901இல் பிறந்த வை.மு. கோதைநாயகி அம்மாள் பள்ளிக்கூடம் போகாதவர். சிறு வயதிலேயே மணம் செய்துவைக்கப்பட்டவர். கதையை அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதியதில் தொடங்கியது அவருடைய எழுத்து வாழ்க்கை. 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழைத் தாமே ஏற்று நடத்தத் தொடங்கினார். அதில் தொடராக வந்த அவருடைய முதல் நாவல் ‘வைதேகி’ ஒரு துப்பறியும் கதை. பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். இதில் நான் கவனிப்பது ஒன்றைத்தான்: எழுதியவரும் அவர், ஆசிரியரும் அவர். அடுத்த இதழில் என்ன வரப்போகிறது என்று வாசகிகளுக்கு எப்படிச் சொல்வது என்ற முடிவும் ஒரு பெண்ணின் கையில் இருந்தது.

அதே காலத்தில் புகழோடு இருந்தவர் வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார். அவருடைய ‘திகம்பர சாமியார்’ நாவலை எங்கள் ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் படமாக்கியது. அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு சாலையில் போனால் அந்த ஸ்டுடியோவின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. எம்.என். நம்பியார் பல வேடங்களில் வந்து துப்புத் துலக்குவதுதான் அந்தப் படத்தின் கவர்ச்சி. கோதைநாயகியின் கதைகளும் திரைக்கு வந்தன. ஆனால் வந்தவை ‘அநாதைப் பெண்’ணும், அவருடைய ‘தயாநிதி’ நாவலிலிருந்து 1966இல் உருவான ‘சித்தி’யும் போன்ற குடும்பக் கதைகள். ஆண் எழுதிய மர்மம் மர்மமாகவே நினைவில் நின்றது. பெண் எழுதிய மர்மத்தைக் குடும்பக் கதை மூடிவிட்டது.

இந்தப் பிரிவினை இன்றும் நம் வாடகை நூலகங்களின் அலமாரிகளில் இருக்கிறது. ஒரு பக்கம் ‘க்ரைம்’, மறுபக்கம் ‘குடும்ப நாவல்’. பிரதிலிபி போன்ற செயலிகளில் பெண்கள் ஏராளமாகத் திகில் எழுதுகிறார்கள். ஆனால் அது அச்சுக்கு வரும்போது இரண்டில் ஒரு கதிதான்: காதல் அட்டை, அல்லது பேய் அட்டை.

உளவியல் திகிலுக்கு இது பெரிய ஆபத்து. ஏனென்றால் அந்த வகைக் கதையின் உயிரே, பயம் யாருக்குள் இருந்து பேசுகிறது என்பதில் இருக்கிறது. ‘சந்திரமுகி’யை நினைத்துக்கொள்ளுங்கள். 2005இல் வந்த அந்தப் படத்தின் கதைப்படி கங்காவுக்கு இருப்பது ஒரு மனநோய். அதைச் சரவணன் செந்திலுக்கு விளக்குகிறான்; எல்லாரும் கங்காவைப் பற்றிப் பேசுகிறார்கள். கங்காவின் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று கேட்க ஆள் இல்லை. ஊரெல்லாம் பரவியது மையிட்டு விரிந்த அந்தக் கண்கள்தான். பயத்தில் இருந்தவள் அவள். நமக்கு விற்கப்பட்டதோ அவளைப் பார்த்து நாம் கொள்ளும் பயம்.

எங்கள் பகுதியில் ஒரு பெண் இருக்கிறாள். படிப்பு முடித்து இரண்டு வருடத்தில் முதல் நாவல் எழுதினாள். கல்யாணமாகி வந்த வீட்டில் ஒருத்திக்கு இரவில் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது. மாமியார் ‘பிரமை’ என்கிறார். கணவன் டாக்டரிடம் கூட்டிப்போகிறான். மாத்திரை வருகிறது. சத்தம் நிற்கவில்லை; அதைச் சொல்வதை மட்டும் அவள் நிறுத்திவிடுகிறாள். கதையில் பேயே இல்லை. அந்த மௌனம்தான் திகில். கைப்பிரதியை ஒரே மூச்சில் படித்துவிட்டு, அன்றிரவு என் வீட்டுக் கொல்லைக் கதவை இரண்டு முறை சரிபார்த்தேன்.

புத்தகம் வந்தபோது அட்டையில் வெள்ளைப் புடவை, தலைவிரிகோலம், பாழுங்கிணறு. பின்னட்டையில் ‘இரவில் தனியாகப் படிக்காதீர்கள்’. “பேயே இல்லாத கதைக்கு எதுக்குங்க்கா பேய் படம்?” என்று என்னிடம் கேட்டாள். பதிப்பாளரிடம் கேட்டிருக்கிறாள். பேய் என்றால்தான் போகும் என்பது பதில். நடந்தது வேறு. பேயைத் தேடி வாங்கியவர்கள் ஏமாந்து திட்டினார்கள். அந்த வீட்டைப் போன்ற வீடுகளில் இருக்கும் பெண்கள், இது பேய்க் கதை என்று எடுக்கவே இல்லை. இரண்டாவது நாவலைக் குடும்ப நாவல் என்றே சொல்லிக் கொடுத்துவிடலாமா என்று இப்போது யோசிக்கிறாள். ஒரு தவறான அட்டை ஓர் எழுத்தாளரை இப்படித்தான் திசை திருப்புகிறது.

பதிப்பாளரின் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவரின் கண்ணில் ஒரு நொடியில் பட வேண்டும். ரீல்ஸ் தள்ளும் விரல் ஒரு நொடி நிற்க வேண்டும். மர்மக் கதையின் முடிவையும் சொல்லிவிட முடியாது. ஆனால் முடிவை மறைக்கப் பொய் சொல்ல வேண்டியதில்லை. கேள்வியைச் சொன்னால் போதும். ‘அவளுக்குக் கேட்கிறது. வீட்டில் வேறு யாருக்கும் கேட்கவில்லையாம்.’ அந்த நாவலுக்கு இந்த இரண்டு வரி போதும். இதில் கதை கெடவில்லை, பயமும் குறையவில்லை. யாருடைய பயம் என்பது மட்டும் தெளிவாகிவிடுகிறது.

சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் எழுதி 1892இல் வெளிவந்த ‘மஞ்சள் சுவர்த்தாள்’ இதற்குச் சான்று. டாக்டரான கணவன், ஓய்வு என்ற பெயரில் மனைவியை எழுத விடாமல் ஓர் அறையில் வைத்திருக்கும் கதை அது. நெடுங்காலம் திகில் தொகுப்புகளில் ஒரு நல்ல திகில் கதையாக மட்டுமே இடம்பெற்று வந்தது. 1973இல் அமெரிக்காவின் ஃபெமினிஸ்ட் பிரஸ் அதைத் தனி நூலாக, பெண்நிலை வாசிப்போடு வெளியிட்டது. கதையில் ஒரு சொல்லும் மாறவில்லை. அதை அறிமுகப்படுத்திய விதம் மாறியது. இன்று உலகெங்கும் வகுப்பறைகளில் மாணவிகள் அதைப் படிக்கிறார்கள். திகில் குறைந்துவிட்டதா? கூடித்தான் இருக்கிறது.

தமிழில் அம்பை சுதா குப்தா என்ற துப்பறியும் பெண்ணை உருவாக்கி, ‘அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு’ தொகுப்பைத் தந்தபோது வழி இன்னும் கொஞ்சம் திறந்தது. மும்பையில் வீட்டையும் வழக்கையும் ஒரே நாளில் கவனிக்கும் பெண் அவர். எவருடைய பெயருக்கும் பின்னால் கோடு போட்டு ஒட்டப்பட்டவர் இல்லை. இப்படி ஒரு நூலை அறிமுகம் செய்யும்போது ‘பெண்ணாக இருந்தும் துப்பறிகிறார்’ என்று எழுதினால் பழைய அட்டையையே மறுபடி ஒட்டுகிறோம்.

ஆகவே மாணவிகளிடம் ஒரு வேலையைக் கேட்கிறேன். அடுத்து ஒரு புதிய மர்ம நாவலையோ திகில் நாவலையோ எடுக்கும்போது, கதையைப் படித்து முடித்தபின் பின்னட்டையை மறுபடி படியுங்கள். கதையில் பயந்தவள் அங்கே இருக்கிறாளா, அல்லது அவளுடைய உடல் மட்டும் கிடக்கிறதா என்று பாருங்கள். பிறகு நீங்களே நான்கு வரி எழுதித் தோழிக்கு அனுப்புங்கள். எழுதும் பெண்களுக்கு வேறொன்று: அட்டையும் பின்னட்டை வாசகமும் உங்கள் ஒப்புதல் இல்லாமல் அச்சுக்குப் போகாது என்ற வரியை ஒப்பந்தத்தில் கேட்டு வாங்குங்கள். எங்கள் பகுதிப் பெண்ணின் இரண்டாவது நாவலுக்கான ஒப்பந்தத்தில் அதைப் பேனாவால் எழுதிச் சேர்த்திருக்கிறோம். பதிப்பாளர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.