மறுபயன்பாட்டுக் கூறுகளும் மென்பொருள் கற்பித்தலும்: ஒரு மதிப்பீடு

1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் மாநாட்டில், ஆயத்தக் கூறுகளைக் கொண்டு மென்பொருள் உருவாக்கும் முறையை டக்ளஸ் மெக்கில்ராய் முன்மொழிந்தார். இம்முறையைப் பயிற்றுங்கால் கூறுகளை இணைக்கக் கற்பித்தல் மட்டும் போதாது. அவற்றை ஆராயவும் கற்பித்தல் வேண்டும். ஆம்பூர்க் காலணித் தொழிலில் தோலை வெட்டுமுன் வடுக்களும் இழுபடும் திசையும் நோக்கப்படுகின்றன. மென்பொருளுக்கும் அந்நோக்கு வேண்டும் என்பதற்கு ‘ஆம்பூர்’ என்னும் சொல்லே சான்று. தமிழ் மரபில் இது நான்கெழுத்து. பைத்தான் மொழியின் நீளங்காண் செயற்கூறோ ஏழு எனக் காட்டும். அது எண்ணுவது எழுத்துகளை அன்று, ஒருங்குறிக் குறியெண்களை. தொழிலாளர் பெயர்ப்பதிவுச் செயலியில் இவ்வளவைக்கொண்டு எல்லை வகுத்தால், நீண்ட தமிழ்ப் பெயர்கள் இடையில் துண்டிக்கப்படும். எழுத்தெழுத்தாகப் பிரித்தெண்ண ‘ஓப்பன் தமிழ்’ நிரல்தொகுப்பு உள்ளது. எனினும் அதன் தேவையை உணர, முதற்கூறின் போதாமையை மாணவர் தாமே கண்டறிதல் வேண்டும். வேலூர் வட்டார வகுப்பறைகள் அதற்கு இடமளித்தல் கடன்.