மாத்திரையும் ராகமும்

பண்ணைப்புரம்னு சொன்னாலே இளையராஜாதான். இந்த ராகம் பிரஷருக்கு, இது மனச்சோர்வுக்கு என்று சுற்றும் வீடியோக்களிலும் அவர் பாட்டுகள் வந்துவிடுகின்றன.

அதே கம்பம் பள்ளத்தாக்கில், சுருளிமலையில் கருணானந்தரிடம் மூலிகை மருத்துவம் கற்றவர் ஆபிரகாம் பண்டிதர். பிறகு தஞ்சாவூரில் பேர்பெற்ற சித்த வைத்தியர். 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டார். இசையால் நோய் தீரும்னு சொல்ல அவரைவிடத் தகுதியான ஆள் யாருங்க? ஆனால் அந்த நூல் மல்லுக்கட்டுவது சுருதிக் கணக்கோடு. சாரங்கதேவர் சொன்ன 22 தப்பு, 24-தான் சரி என்று எண்களை அடுக்குகிறது. ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு, ஆனால் நாமே கணக்குப் போட்டுப் பார்த்து மறுக்கலாம்.

பாட்டு கேட்டா மனசு லேசாகுது, எனக்கும்தான். ஆனால் எத்தனை பேருக்கு, எத்தனை நாளில், பிரஷர் எவ்வளவு இறங்கியது? நான் பார்த்த வீடியோக்களில் ஒரு எண்கூட இல்லை.