கூடி வாசித்தால் தெரிவது

நம் கல்லூரிகளில் தமிழ் மன்றம் என்றால் தொடக்க விழா, பட்டிமன்றம், கவியரங்கம், நிறைவு விழா. நாவலுக்கு அங்கே பெரும்பாலும் இடம் கிடைப்பதில்லை. அதனால்தான், மாலையில் வகுப்பு முடிந்ததும் இருபது மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து, மாதம் ஒரு புனைகதை வகையை எடுத்துப் படிக்கும் ஒரு கல்லூரிக்குப் போனபோது மனம் நிறைந்தது.

அந்த மாதம் பேய்க்கதை. புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை ஒரு மாணவி உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் வட்டத்திலிருந்து ஒரு குரல்: “அப்ப பேய் இருந்துச்சா, இல்லையா?” பாதிப் பேர் இருந்தது என்றார்கள். மற்றவர்கள் விடவில்லை. கதை சொல்பவரே ஓர் எழுத்தாளர், அதிலும் தூக்கம் கெட்டவர். அவர் பேச்சை எப்படி நம்புவது என்றார்கள். ஒரு மணி நேரம் வாதம் ஓடியது. தனியாகப் படித்திருந்தால் ஆளுக்கொரு முடிவோடு புத்தகத்தை மூடியிருப்பார்கள். தெளிவாகச் சொல்லாமல் விட்டது புதுமைப்பித்தனின் திறமை என்பது யாருக்கும் உறைத்திருக்காது.

சேர்ந்து வாசிப்பது நமக்குப் புதிதும் அல்ல. ஒருவர் படிக்கப் பலர் கேட்பதுதான் இங்கே நெடுங்காலப் பழக்கம். நாவல் வந்து வாசகரைத் தனியாக மூலையில் உட்கார வைத்ததையும், மௌன வாசிப்பு பரவியதையும் ஆ.இரா. வேங்கடாசலபதி ‘நாவலும் வாசிப்பும்’ நூலில் ஆராய்ந்திருக்கிறார். அப்படித் தனித்துப் போன வாசகரை இந்த வட்டம் மறுபடியும் கூட்டத்துக்குள் அழைத்து வருகிறது.

துப்பறியும் கதைகளை வரிசையாக வைத்துப் படித்தாலே ஒரு சமூக வரலாறு கிடைத்துவிடும். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதினார். ஜே.ஆர். ரங்கராஜு துப்பறியும் கோவிந்தனையும், வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரையும் கொண்டுவந்தார்கள். பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால். 1968இல் குமுதத்தில் ‘நைலான் கயிறு’ தொடர் வந்தபோது சுஜாதாவின் வக்கீல் கணேஷ் வந்தார். துப்புத் துலக்குபவர் சாமியார் கோலத்தைக் கழற்றி வக்கீல் கோட்டு மாட்டிக்கொள்ள பல பத்தாண்டுகள் ஆகியிருக்கின்றன. எந்தக் காலத்தில் மக்கள் யாரை நம்பினார்கள் என்று கேட்டுப் பார்க்க இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

மாணவர்களை நான் மிகவும் வற்புறுத்துவது சரித்திர நாவலைக் கல்வெட்டோடு சேர்த்துப் படிக்கச் சொல்லித்தான். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வ’னில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொல்லப்படுகிறான்; கொன்றது யார் என்று நாவல் முடிவாகச் சொல்வதில்லை. காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடிக் கோயில் கல்வெட்டோ துரோகிகளின் பெயரைச் சொல்கிறது: சோமன், ரவிதாசன், பரமேசுவரன். ராஜராஜன் காலத்தில் அவர்கள் தரப்பாரின் சொத்துகள் பறிமுதலான செய்தி அது. ரவிதாசனுக்கு அதில் ‘பிரமாதிராயன்’ என்ற பட்டம் இருக்கிறது; அது உயர் பதவியிலிருந்த பிராமண அதிகாரிகள் பெற்ற பட்டம். நாவலில் அதே ரவிதாசன் மந்திரவாதி. நாவலை எழுதிய கல்கி ஏன் அப்படி மாற்றினார்? சரித்திர நாவலாசிரியருக்கு எவ்வளவு உரிமை உண்டு? இந்த இரண்டு கேள்விகளையும் மேசையில் வைத்தால் போதும், வட்டத்தை நடத்த ஆசிரியரே தேவைப்படமாட்டார்.

அறிவியல் புனைகதை தமிழில் இன்னும் மெலிந்த கிளைதான். ஆனாலும் ‘என் இனிய இயந்திரா’வை இப்போது படிக்கும் மாணவருக்கு ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது. சுஜாதா அந்தக் கதையை 2021இல் நிகழவிட்டார். அந்த ஆண்டை வாழ்ந்து கடந்தவர்கள், இயந்திர நாய் ஜீனோவையும் ஆள்வோர் கையிலிருக்கும் குடிமக்களின் வாழ்வையும் தங்கள் கைபேசியோடு ஒப்பிட்டுப் பேசலாம். காதல் கதைகளை வட்டங்கள் கூச்சப்பட்டு ஒதுக்குகின்றன. அது தவறு. ரமணிசந்திரனுக்கு அத்தனை வாசகியர் இருப்பதன் காரணத்தைப் படித்துப் பார்க்காமல் எப்படித் தெரிந்துகொள்வது?

வகைகளுக்கு இடையே நாம் கட்டிய சுவர் எவ்வளவு மெல்லியது என்று காட்டும் நாவல் பூமணியின் ‘வெக்கை’. 1982இல் வந்தது, 2019இல் ‘அசுரன்’ படத்துக்கு அடிப்படையானது. சிதம்பரம் என்ற சிறுவன் ஒருவனை வெட்டிவிட்டு ஓடுகிறான், தகப்பனும் மகனும் காட்டில் ஒளிகிறார்கள். கொலை, தப்பித்தல், தேடும் ஆட்கள் என்று குற்றக் கதைக்கு உரியதெல்லாம் இருக்கின்றன. ஆனால் கொன்றது யார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஏன் கொன்றான் என்பதற்காகத்தான் பக்கத்தைப் புரட்டுகிறோம். அந்த ‘ஏன்’ நிலத்துக்கும் சாதிக்கும் இட்டுச் செல்கிறது. துப்பறியும் நாவலைப் படித்த மறுமாதம் இதைப் படித்தால்தான் பூமணி செய்த வேலையின் அளவு புரியும். தீவிர இலக்கியம், வெகுஜன எழுத்து என்று இரண்டு அலமாரி வைத்துப் பழகிய நாம் இந்த வரிசையில் மாணவர்களைப் படிக்கவிட்டதே இல்லை.

கல்லூரி முதல்வர்களிடமும் தமிழ்த் துறைத் தலைவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வாரம் இரண்டு மணி நேரம் ஓர் அறையைத் திறந்துவிடுங்கள். மதிப்பெண், வருகைப் பதிவு எதுவும் வேண்டாம். முதல் கூட்டத்துக்கு ‘காஞ்சனை’ போதும். ஒரே அமர்வில் உரக்கப் படித்து முடித்துவிடலாம்.