ஜி.டி. நாயுடு: மதிப்பீடு

ஜி.டி. நாயுடு (மார்ச் 23, 1893 - ஜனவரி 4, 1974) கோவையை அடுத்த கலங்கலில் பிறந்தவர். 'இந்தியாவின் எடிசன்' என்ற பட்டம் அவரது நோக்கத்தை மறைத்துவிடுகிறது. 1920-ல் பொள்ளாச்சி - பழனி தடத்தில் ஒற்றைப் பேருந்துடன் தொழில் தொடங்கிய அவர் உருவாக்க விரும்பியது கருவிகளை மட்டுமல்ல. நேரம் தவறாத, கைவேலைக்குக் கூசாத மனிதர்களையும்தான்.

நான்காண்டுப் பொறியியல் படிப்பு காலவிரயம் என்றார். அரசு ஏற்காததால் கல்லூரிப் பொறுப்பிலிருந்து விலகினார். வரிவிதிப்பை எதிர்த்துத் தன் கருவிகளையே மக்கள் முன் உடைத்தபோது 'விசித்திர மனிதர்' எனப்பட்டார்.

கோவையில் 1937-ல் உருவான உள்நாட்டு மின்மோட்டாரில் அவருக்கும் பங்குண்டு. மின்மோட்டார் பின்னர் உத்தமபாளையத் திராட்சைத் தோட்டக் கிணறுகள் வரை வந்தது. ஆனால் இயந்திரத்தைப்போல மனிதரையும் விரைவில் சீராக்கலாம் என்று அவர் நம்பியது பிழை. மனிதர் மாறுவது அவரவர் வேகத்தில்தான். எனினும் படித்தவர் கையில் மசகு படக் கூசும் வரை, அவர் எழுப்பிய கேள்வி தீர்ந்துவிடவில்லை.