வேர் அவிழ்த்தல்

கல்முனை, சாய்ந்தமருது வீடுகளின் முன்விறாந்தையில் நிற்கும் அரேக்கா பாமின் பூர்வீகம் மடகஸ்கார். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் அடியால் ஓடினால், வேர் சாடியை நிறைத்துவிட்டதென்று அர்த்தம்; கன்றுகளைப் பிரிக்கலாம். கச்சான் காற்றில் மட்டும் வேண்டாம், ஓலை சருகாகிவிடும். மாரி தொடங்கட்டும்.

எனக்குப் பிடித்தது வேரை அவிழ்க்கும் வேலைதான். வாளித் தண்ணீரில் ஊறவைத்து விரலால் மெல்ல மெல்லச் சிக்கெடுக்க, மண் கரைந்து வெள்ளை வேர்நுனிகள் தெரியும். கத்தி கடைசிக்குத்தான்; ஒவ்வொரு கன்றுக்கும் சொந்த வேர் இருக்கவேண்டும்.

கடற்கரை மணலில் உப்பு. தும்புத்தூளும் மக்கிய சாணமும் கலந்த தோட்டமண்ணே நல்லது. நட்டபிறகு நிழலில் வைக்கவேண்டும். பழைய ஓலை மஞ்சளாகும், உம்மா முகம் சுளிப்பா, சுளிக்கட்டும். அந்த ஓலையிலுள்ள பொட்டாசியத்தை இழுத்துத்தான் புதுக்குருத்து வளர்கிறது. குருத்து விரிந்தபின் உரம் போடலாம்.