நம்பர் பிளேட்டை வாசித்தல்: எண், பெயர், அதிகாரம்

1

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் காரவள்ளி அடிவாரத்திலிருந்துதான் தொடங்குகின்றன. ஆடி பதினேழு, பதினெட்டில் வல்வில் ஓரி விழாவுக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் போகிற வண்டிகள் இங்கே வரிசை கட்டி நிற்கும். சில வருஷமாக அந்த இரண்டு நாளில் ஒரு நாளாவது அடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்து நம்பர் பிளேட் பார்ப்பது எனக்கும் ஒரு நண்பருக்கும் வழக்கம். நண்பர் மலைக்காரர். பிக்கப் வண்டி ஓட்டுகிறார். அன்னாசி, பலா, வாழைத்தார், மிளகு என்று மேலே விளைவதைக் கீழே இறக்குவது தொழில். வித்தியாசமான பிளேட்டுகளுக்கு நாங்கள் இருவரும் மார்க் போடுவோம். விளையாட்டாக ஆரம்பித்ததுதான். அதில் விளையாட்டு எவ்வளவு, விவகாரம் எவ்வளவு என்று எனக்குக் காட்டியவர் அவர்.

ஒரு காலைப்பொழுதில் கண்ணில் பட்டவற்றைச் சொல்கிறேன். 8055 என்ற எண்ணில் எட்டை ஆங்கில 'பி' மாதிரியும் ஐந்துகளை 'எஸ்' மாதிரியும் வளைத்து 'பாஸ்' என்று படிக்கவைத்த கார். 'தநா 28' என்று தமிழில் எழுதிய புல்லட். கரைவேட்டிக்காரர்கள் இறங்கிய 4777. மற்ற எண்களைப் பொடியாக்கி ஒற்றை ஏழை மட்டும் முழ உயரத்துக்கு நிறுத்திய ஜீப். வழக்கறிஞர், பிரஸ், போலீஸ். எண் இருக்கவேண்டிய இடத்தில் சாதித் தலைவர் ஒருவரின் படம் மட்டுமே இருந்த பைக். அதன் மட்கார்டில் அந்தச் சாதிக்கொடியின் நிறம்.

இவற்றை முதலில் நான் வாசித்த விதம் இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குப் பழக்கமானதுதான். அல்தூசர் 1970ல் வெளியிட்ட கருத்தியல் பற்றிய கட்டுரையில் தெருவில் போலீஸ்காரன் "ஏய்!" என்று கூப்பிடுகிறான், திரும்பிப் பார்க்கிறவன் அந்தக் கணத்தில் தன்னிலை ஆகிவிடுகிறான். நம்மூர் போலீஸ்காரர் "ஏய், டிஎன் 28!" என்று கூப்பிடுகிறார். மனிதனை எண்ணாக்கிக் கூப்பிடுகிறது அரசு. அந்த எண்ணை வளைத்து, உடைத்து, மேலே எழுதித் தன்னைப் பெயராக்கிக்கொள்கிறான் அவன். பிளேட் ஒரு பிரதி, ஓனர் அதன் கலகக்கார வாசகன். நாமக்கல்லில் ஒரு கூட்டத்தில் இதைத்தான் பேசினேன். கைதட்டல்கூடக் கிடைத்தது.

கூட்டத்துக்கு நண்பரும் வந்திருந்தார். திரும்பும்போது கேட்டார்: "எல்லாஞ் சரிங்ணா. எழுதியிருக்கறவன் பூரா யாருன்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. நான் பிரதியைப் பார்த்தேன். எழுதும் கை யாருடையது என்று பார்க்கவில்லை.

2

யார் எழுதுகிறார்கள் என்ற கேள்வியோடு பார்த்தால் எல்லா பிளேட்டையும் 'கலகம்' என்ற ஒரே மூட்டையில் கட்ட முடியாது. விலைக்கு வாங்கிய எண், புத்தியால் திரித்த எண், எண்ணோடு ஒட்டவைத்த பெயர் என்று குறைந்தது மூன்று வகை.

விலைக்கு வாங்குவதில் கலகம் எங்கே இருக்கிறது? 2023 ஏப்ரலில் துபாயில் 'பி 7' என்ற பிளேட் ஐந்தரைக் கோடி திர்ஹாமுக்கு ஏலம் போனது. 2025 ஏப்ரலில் கொச்சியில் 0007 என்ற எண்ணை ஒரு காருக்காக ஏறத்தாழ 46 லட்சம் ரூபாய்க்கு எடுத்தார்கள். எண்ணைக் கொடுப்பதும் அரசு, அதில் எது அழகான எண் என்று பிரித்து விலை வைப்பதும் அரசு. எட்டு வேண்டாம், கூட்டுத்தொகை ஒன்பது வரணும் என்று இங்கே ஜோசியக்காரர் சொல்வதும் இந்தச் சந்தைக்குள் அடக்கம்.

4777 வேறு கதை. எம்.ஜி.ஆர். போன அம்பாசிடரின் எண் டிஎம்எக்ஸ் 4777. சென்னை தியாகராய நகர் நினைவு இல்லத்தில் அந்தக் கார் நிற்கிறது. அவர் கட்சிக்காரர் அதே எண்ணைத் தேடிப் பிடித்து வாங்கும்போது எண்ணே பெயராகிவிடுகிறது. தெரிந்தவன் எழுந்து நிற்பான், தெரியாதவனுக்கு அது நாலு இலக்கம்.

திரிப்பவன்தான் உண்மையில் விளையாடுகிறான். கையில் காசில்லை, கிடைத்த எண்ணை வைத்தே ஏதோ செய்கிறான். 8055க்கு நாங்கள் நிறைய மார்க் போட்டோம். ஆனால் அவனும் கடைசியில் வந்து சேருகிற சொல் எது? 'பாஸ்'. முதலாளி. பாருங்கள்.

எண்ணுக்கும் பெயருக்கும் இடையிலான இந்த வழக்கு பிளேட் பிறந்த அன்றே தொடங்கிவிட்டது. 1893ல் பாரிஸ் காவல்துறை போட்ட ஆணை மோட்டார் வண்டியில் உலோகத் தகடு ஒன்றைக் கட்டாயமாக்கியது. அதில் எண் மட்டும் போதாது, உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்றது. பிறகு பெயர் உள்ளே போய்ப் பதிவேட்டில் உட்கார்ந்துகொண்டது. வெளியே எண் மட்டும் நின்றது. இன்று ஸ்டிக்கர் கடையில் நாம் காசு கொடுத்து ஒட்டுவது அப்படி உள்ளே போன பெயரைத்தான்.

3

இந்த ஆசை நம் மரபில் இன்னும் பழையது. கொல்லியின் தலைவன் ஓரி. அவன் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். அவனோடு மோதிய மலையமான் காரியின் குதிரைக்குப் பெயர் காரி. ஆளும் ஊர்தியும் ஒரே பெயரில் ஓடுவதைச் சிறுபாணாற்றுப்படை பதிவுசெய்திருக்கிறது. எம்.ஏ. வகுப்பில் இதைச் சொல்நயம் என்று சொல்லித்தந்தார்கள். இப்போது எனக்கு அது நம் இலக்கியத்தின் முதல் நம்பர் பிளேட்டாகப் படுகிறது. காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்கிறது அகநானூறு. குதிரைகளின் பெயர்கூட நமக்குத் தெரிகிறது. அந்தப் போரில் கால்நடையாக வந்து செத்தவன் ஒருவன் பெயரும் தெரியாது. ஊர்தி இருப்பவனுக்கே பெயர் என்பதுதான் வீரயுகத்தின் விதி. இத்தனைக்கும் புறநானூற்றில் வன்பரணர் காட்டுகிற ஓரி, தன்னைப் பாடக் கேட்டு நாணுகிறவன். அவன் பெயரில் நடக்கும் விழாவுக்கு வருகிற வண்டிகளில் அந்த நாணத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

4

அப்படியானால் எண்ணே போதும், எண் நடுநிலையானது என்று முடித்துவிடலாமா? முடியாது. வண்டியில் ஒரு எழுத்தும் கூடுதலாகச் சேர்க்காதவன்கூட ஒரு பெயரைச் சுமந்துகொண்டுதான் போகிறான்: டிஎன். 1989 ஜூலை 1ல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் அமலாகி, பழைய மூன்றெழுத்துத் தொடர் போய் மாநிலக் குறியீடு வந்தது. அந்த இரண்டெழுத்துக்குப் பின்னால், தமிழ்நாடு என்ற பெயர் கேட்டு 1956ல் உண்ணாவிரதமிருந்து செத்துப்போன சங்கரலிங்கனார் இருக்கிறார். 1969 ஜனவரி 14ல்தான் அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்தது. அதையும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்கின்றன மத்திய மோட்டார் வாகன விதிகள். 'தநா' என்று எழுதிய புல்லட்காரர் அபராதம் கட்டியே தமிழ் எழுதுகிறார். அவருக்கு மார்க் போடும்போது எங்கள் கை தாராளமாக இருந்தது உண்மை.

ஒரு எழுத்து என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் இலங்கையைப் பார்க்கட்டும். 1956ல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1957 ஜனவரியிலிருந்து வாகன எண்களுக்கு நடுவே சிங்கள 'ஸ்ரீ' எழுத்து கட்டாயமாயிற்று. தமிழரசுக் கட்சி எதிர்த்தது. 1958ல் தேசியமயமான பஸ்கள் சிங்கள ஸ்ரீயோடு வடக்கே வந்தபோது அதை அழித்துத் தமிழ் 'ஸ்ரீ' எழுதினார்கள். தெற்கே தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மீது தார் பூசப்பட்டது. ஏப்ரலில் பண்டா-செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் இனக்கலவரம். செத்தவர்கள் ஒரு எழுத்துக்காகச் சாகவில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் நிலம், வேலை, மொழி என்று உள்ளே கனன்றுகொண்டிருந்த அத்தனையும் வெளியே தெரிய ஓர் இடம் தேடியபோது, அந்த இடமாக வாய்த்தது நம்பர் பிளேட்.

இதில் தமிழ் படித்தவர்கள் நின்று யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஸ்ரீ கிரந்த எழுத்து. இங்கே திராவிட இயக்கம் அதை வடமொழி ஆதிக்கத்தின் குறியாக வாசித்தது. 1967ல் ஆட்சிக்கு வந்த திமுக, ஸ்ரீயை விலக்கித் 'திரு'வை அரசு வழக்காக்கியது. கடலுக்கு அந்தப் பக்கம் அதே ஸ்ரீ தமிழின் கொடியாக ஏறியது. ஒரு கரையில் விரட்டப்பட்ட எழுத்து மறுகரையில் ஏந்தப்பட்டது. எழுத்துக்குச் சொந்தமாக ஓர் அரசியல் கிடையாது. எதிரே எந்த எழுத்து நிற்கிறது, அதை யார் திணிக்கிறார்கள் என்பதிலிருந்தே அதன் அர்த்தம் உண்டாகிறது. குறிப்பானைப் பற்றி நாம் இவ்வளவு எழுதியிருக்கிறோம். இந்த உதாரணத்தை மட்டும் ஏனோ யாரும் தொட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

5

தமிழ்நாட்டுக்கும் இப்படி ஒரு வருஷம் உண்டு: 1997. அதுவரை நம் அரசு பஸ்கள் பெயரோடு ஓடின. சேரன், பாண்டியன், கட்டபொம்மன், ஜீவா. சேலத்தைத் தலைமையாகக் கொண்ட கழகத்துக்கு அண்ணா பெயர். விருதுநகரை மையமாக வைத்து வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு கழகம் அறிவிக்கப்பட்டது. சுந்தரலிங்கம் கட்டபொம்மனின் தளபதி, தேவேந்திரர் சமூகத்து வீரர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் ஆதிக்க சாதியினர். தென்மாவட்டங்களில் கலவரம், உயிர்ச்சேதம். அதே வருஷம் ஜூலையில் அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டது. பச்சையாகச் சொன்னால், ஒரு தலித் பெயர் பஸ்ஸில் ஏறியதும், பஸ்ஸுக்குப் பெயரே வேண்டாம் என்று ஆயிற்று.

இதை எப்படி வாசிப்பது? பெயரெல்லாம் போனது சமத்துவம் என்று ஒரு தரப்பு சொல்லும். அத்தனை காலம் மற்ற பெயர்கள் ஓடியபோது இந்தச் சமத்துவம் எங்கே போயிருந்தது என்று இன்னொரு தரப்பு கேட்கும். நான் இரண்டாவது தரப்பு. அதே சமயம் அரசு பஸ்ஸில் இருந்து இறங்கிய பெயர்கள் எங்கே போயின என்பதையும் பார்க்க வேண்டும். தனியார் வண்டிகளின் கண்ணாடியில் ஏறிக்கொண்டன. உத்தரப்பிரதேசத்தில் வண்டிகளிலிருந்து சாதிப்பெயரை அகற்றச் சொல்லி 2025 செப்டம்பரில் அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து அரசு உத்தரவு போட்டது. சென்னையில் 2024 மே மாதம் போக்குவரத்துப் போலீஸ் ஸ்டிக்கர்கள்மீது நடவடிக்கை எடுத்தது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வரும் புது வண்டிகளில் உயர் பாதுகாப்புத் தகடு கட்டாயம். அலுமினியம், அசோகச் சக்கர ஹாலோகிராம், கழற்ற முடியாத பூட்டு. பெயிண்டர் கையெழுத்து முடிந்துபோயிற்று. அதில் எனக்கு வருத்தமுண்டு. ஆனால் தகட்டில் இடமில்லாவிட்டால் பின்கண்ணாடி இருக்கிறது. அங்கே எழுத எவ்வளவு இடம் வேண்டுமானாலும் இருக்கிறது.

6

நண்பரின் பிக்கப் செகண்ட் ஹேண்ட். கீழே ஒருவரிடம் வாங்கியது. பின்கண்ணாடியில் பழைய ஓனர் பெயர், பட்டத்தோடு பெரிதாக ஒட்டியிருந்தது. அந்தப் பட்டம் கவுண்டர். கொல்லிமலை மலையாளிகளும் தங்கள் பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று போட்டுக்கொள்வது பழைய வழக்கம்தான். பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். 'மலையாளி' என்றால் கீழே பலருக்குக் கேரளம்தான் ஞாபகம் வரும், அது வேறு தொல்லை. ஸ்டிக்கர் நல்லாத்தானே இருக்கிறது என்று அவர் விட்டுவிட்டார்.

முதல் மாசம் மண்டியில் மரியாதை புதுசாக இருந்ததாம். "வாங்க, உக்காருங்க" என்றார்களாம். எடை போடும்போது பழத்தில் கழிவு பேச யோசித்தார்களாம். ஒருநாள் பெரியவர் ஒருவர் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுப் பிரியமாகக் கேட்டிருக்கிறார்: "தம்பி எந்தக் கூட்டம்?" சமவெளியில் அந்தப் பட்டம் உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிற கேள்வி அது. இவரிடம் அந்தப் பட்டியலில் பதில் இல்லை. "மலைங்க" என்றிருக்கிறார். பெரியவர் ஒன்றும் திட்டவில்லை. சிரித்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். அடுத்த நடைக்கு "ஏப்பா, வண்டிய அந்தாண்ட போடு" என்று ஆகிவிட்டது. கழிவும் பழையபடி வந்தது.

வண்டி அதேதான், எண்ணும் அதேதான். இரண்டு கண்ணாடியில் ஒரே சொல் இருந்தால் அது ஒரே சொல்லாக இருப்பதில்லை என்பதை நான் நான்கு புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் ஒரு மண்டியில் தெரிந்துகொண்டார். பிளேடு வைத்து ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டார். இப்போது அந்தக் கண்ணாடியில் எதுவும் கிடையாது. நீங்களே உங்க பேர ஒட்டலாமே என்று கேட்டேன். "எதுக்குங்ணா? நம்பர் இருக்குல்ல. நம்பரப் பாத்து யாரும் எந்தக் கூட்டம்னு கேக்கறதில்ல" என்றார்.

இதை எண்ணின் வெற்றி என்று நான் வாசிக்க மாட்டேன். தன் பெயரைத் தன் கண்ணாடியில் எழுத முடியாத ஒருவர் எண்ணுக்குள் ஒதுங்கி நிற்கிறார், அவ்வளவுதான். சுந்தரலிங்கம் பெயர் பஸ்ஸில் ஓட முடியாத நாடும் நண்பர் பெயர் கண்ணாடியில் ஏற முடியாத நாடும் ஒன்றுதான். ஆனால் எண்ணை வெறும் அடக்குமுறை என்று மேடையில் பேசுகிற என்னைப் போன்றவர்கள், அதற்குள் ஒதுங்கி நிற்பவர்களையும் கணக்கில் எடுத்துவிட்டுப் பேச வேண்டும். பெயரை எழுதிக்கொள்வது யாருக்கு விளையாட்டு, யாருக்கு ஆபத்து என்று கேட்காத வாசிப்பு, எவ்வளவு கோட்பாடு பேசினாலும் 8055 போட்ட கார்க்காரனின் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது.

கட்டுரை எழுதப் போகிறேன் என்று சொன்னபோது நண்பர் ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்: "எழுதுங்க. நம்ம வண்டி நம்பர மட்டும் போட்டுராதீங்க."

போடவில்லை.